சீமெண்ணெய் விற்றவர் காருக்கு விளக்குத் தந்தார்!

சென்னை பாடியில் பஸ் நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு லூக்காஸ் என்று பெயர். கண்டக்டர் அந்தப் பெயரைச் சொன்னதும் மூட்டை முடிச்சுகளோடு பயணிகள் இறங்குகிறார்கள். அது யார் பெயர் என்று கேட்பவர்கள் குறைவு.

லூக்காஸ் என்பது ஊரின் பெயர் அல்ல. மந்திரியின் பெயரும் அல்ல. 5 ஆயிரம் மைலுக்கு அப்பால், இங்கிலாந்து நாட்டில், தெருத் தெருவாகத் தள்ளுவண்டியில் சீமெண்ணெய் விற்ற ஓர் ஏழையின் பெயர்!

அவருடைய முழுப் பெயர் ஜோசப் லூக்காஸ்.

முகூர்த்த மாதம் வந்தால் காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கக் காரில் வரும் குடும்பங்கள் ஏராளம். ஒரு காலத்தில் அந்தக் கார்கள் எல்லாம் அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற இந்த மூன்று வகைக்குள் அடங்கிவிடும். இவற்றில் அம்பாசிடரும் ஹெரால்டும் பிறப்பால் இங்கிலாந்துக் கார்கள். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற இங்கிலாந்துக் கார்தான் இங்கே அம்பாசிடர் ஆனது. டிரயம்ப் ஹெரால்டு என்ற கார், 1961-ம் ஆண்டு முதல் நம் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது.

இத்தகைய கார்களின் மூடியைத் திறந்து பார்த்தால், டைனமோவில் லூக்காஸ் என்று பொறித்திருக்கும். வண்டியைக் கிளப்பும் செல்ப் மோட்டாரிலும் அதே பெயர் இருக்கும். பட்டுப் பெட்டியோடு இருட்டில் ஊர் திரும்பிய குடும்பங்களுக்கு வழிகாட்டிய வெளிச்சத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

வெள்ளி வேலை பழகிய சிறுவன்

ஜோசப் லூக்காஸ் 1834-ம் ஆண்டு பர்மிங்காம் நகரில் பிறந்தார்.

பர்மிங்காம் தொழிலாளர்களின் ஊர். காஞ்சிபுரத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்பதுபோல, அங்கே தெருவுக்குத் தெரு சுத்தியல் சத்தம் கேட்கும். ஊசி, ஆணி, பொத்தான், பேனா முள், துப்பாக்கி, வெள்ளிப் பாத்திரம் என்று அந்த ஊரில் செய்யாத உலோகச் சாமான் இல்லை.

சிறு வயதிலேயே லூக்காஸ் வெள்ளி வேலை பழகச் சேர்ந்தார். அப்போதுதான் அந்த ஊரில் ஒரு புதுமை பரவிக்கொண்டிருந்தது. மலிவான உலோகத்தில் பாத்திரம் செய்து, மின்சாரத்தின் உதவியால் அதன்மேல் வெள்ளி முலாம் பூசினார்கள். மின்சாரம் வீடுகளில் விளக்கு எரிக்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே, பர்மிங்காமில் அது பாத்திரங்களுக்கு மெருகு ஏற்றியது.

லூக்காசுக்குக் கல்யாணம் ஆயிற்று. பிள்ளைகள் பிறந்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல. ஆறு பிள்ளைகள்! ஆனால் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பெரிய நகரம். கையில் தொழில் இருக்கிறது. கூலி கொடுப்பார் இல்லை. வீட்டில் எட்டு வயிறு காத்திருக்கிறது. என்ன செய்வது?

தள்ளுவண்டி புறப்பட்டது

அந்தச் சமயத்தில் உலகத்தில் ஒரு புதிய எண்ணெய் வந்தது. அதைத்தான் நம் பெரியவர்கள் சீமெண்ணெய் என்றார்கள்.

அதற்கு முன்பு ஏழைகளின் வீட்டில் மெழுகுவத்தியும் கொழுப்பு விளக்கும்தான். வெளிச்சம் குறைவு, புகை அதிகம். ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் யங் என்பவர் நிலக்கரியிலிருந்து விளக்கு எரிக்கும் எண்ணெய் எடுக்கும் முறைக்கு 1850-ம் ஆண்டில் உரிமை பெற்றார். 1859-ம் ஆண்டில் அமெரிக்காவில் பூமியைத் துளைத்துப் பெட்ரோலியம் எடுத்தார்கள். எண்ணெய் பெருகியது. ஏழை வீட்டிலும் நல்ல விளக்கு எரியலாம் என்ற நிலை வந்தது.

வேலை இழந்த லூக்காஸ் ஒரு தள்ளுவண்டியைப் பிடித்தார். அதில் சீமெண்ணெயை ஏற்றிக்கொண்டு, தாம் வாழ்ந்த ஹாக்லி பகுதித் தெருக்களில் விற்றார். வெள்ளியைத் தொட்டுப் பழகிய கையில் எண்ணெய் நாற்றம் அடித்தது. அவர் அதற்கு வெட்கப்படவில்லை.

1860-ம் ஆண்டில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். எண்ணெய் விற்பவருக்கு ஒரு வசதி உண்டு. தினந்தோறும் நூறு வீட்டு வாசலில் நிற்கிறார். எந்த வீட்டில் என்ன குறை என்பது அவருக்குத் தெரியும். எண்ணெயோடு வாளியும் சேர்த்து விற்கலாம். அள்ளும் கரண்டி விற்கலாம். பூந்தொட்டி வைக்கும் தாங்கி விற்கலாம். உலோக வேலை தெரிந்தவர் ஆகையால், மற்றவர் செய்த சாமானை வாங்கி விற்பதோடு லூக்காஸ் நிற்கவில்லை. தகட்டை அழுத்தி இந்தச் சாமான்களைத் தாமே செய்யத் தொடங்கினார்.

கடைசியில் விளக்குக்கு வந்தார்.

அப்பாவும் பிள்ளையும்

சுமார் 1872-ம் ஆண்டில் மூத்த மகன் ஹாரி தொழிலில் சேர்ந்தான். அப்போது அவனுக்கு வயது 17. அப்பாவுக்கு அனுபவம், பிள்ளைக்குப் புதிய யோசனை. இரண்டும் சேர்ந்தன.

1875-ம் ஆண்டில் கப்பல்களுக்கு விளக்குச் செய்தார்கள். டாம் பவுலிங் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கடலில் அடிக்கும் காற்று சாதாரணக் காற்று அல்ல. அதில் அணையாமல் எரிய வேண்டுமானால், விளக்கின் ஒவ்வொரு இணைப்பும் இறுக்கமாக இருக்க வேண்டும். அந்த வேலை அவர்களுக்குக் கைவந்தது.

அந்த நாளில் இங்கிலாந்தில் சைக்கிள் மோகம் பிடித்தது. இப்போது நாம் பார்க்கும் சைக்கிள் அல்ல அது. முன் சக்கரம் ஆள் உயரம். பின் சக்கரம் சின்னஞ்சிறியது. முன் சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்து மிதிப்பார்கள். பகலில் சரி. இரவில்? பள்ளம் தெரியாது. ஒரு கல் தடுக்கினால் போதும், தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

ஹாரி லூக்காஸ் ஒரு விளக்கைச் செய்தார். அதை முன் சக்கரத்துக்கு உள்ளேயே, கம்பிகளுக்கு நடுவில், அச்சிலிருந்து தொங்கவிடலாம். சக்கரம் சுற்றும், விளக்கு சுற்றாது, நேராகத் தொங்கிக்கொண்டு சாலைக்கு ஒளி தரும். அதற்குச் சாலையின் மன்னன் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள்.

பெயருக்கு ஏற்றபடி விளக்கு மன்னனாகவே விளங்கியது! சைக்கிள்காரர்கள் விரும்பி வாங்கினார்கள்.

1882-ம் ஆண்டில் தொழில் ஜோசப் லூக்காஸ் அண்டு சன் என்ற பெயரைப் பெற்றது. லூக்காசும் மகனும் என்று பொருள். லிட்டில் கிங் தெருவில் தொடங்கிய தொழிற்சாலை, பிறகு கிரேட் கிங் தெருவுக்குப் பரவியது. தள்ளுவண்டி தள்ளியவர் முதலாளி ஆனார்.

வெளியூரில் முடிந்த வாழ்வு

செல்வம் வந்ததும் சிலர் குடியில் விழுவார்கள். லூக்காஸ் மதுவைத் தொடாதவர். மதுவிலக்கை ஆதரித்தவர்.

1902-ம் ஆண்டின் கடைசியில் அவர் இத்தாலி நாட்டுக்குப் போயிருந்தார். நேப்பிள்ஸ் நகரில் டைபாய்டு காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சலுக்கு இன்று மருந்து உண்டு, அன்று இல்லை. டிசம்பர் மாதம் அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 68.

அவர் மறைந்த அந்தக் காலத்தில்தான் சாலைகளில் மோட்டார் கார்கள் தலைகாட்டின. அவருடைய கம்பெனியும் காருக்கான மின்சாரச் சாமான்களில் இறங்கியது. அந்தத் தொழில் அடைந்த பெரும் வளர்ச்சியைக் காண அவர் இல்லை.

போர் தந்த திருப்பம்

கார் என்ஜின் ஓட வேண்டுமானால் பெட்ரோல் மட்டும் போதாது. பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு தீப்பொறி வேண்டும். அந்தப் பொறியை உண்டாக்கும் கருவிக்கு மேக்னெட்டோ என்று பெயர். 1914-ம் ஆண்டு வரை இங்கிலாந்து பெரும்பாலும் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியிடமே அதை வாங்கிவந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் போர் மூண்டது. எதிரி நாட்டிடம் சாமான் வாங்க முடியுமா? மேக்னெட்டோ இல்லாமல் லாரி ஓடாது, விமானம் பறக்காது. இங்கிலாந்திலேயே அதைச் செய்துவந்த மிகச் சில கம்பெனிகளில் ஒன்று தாம்சன்-பென்னட். அதை லூக்காஸ் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதே 1914-ல் மாரிஸ் கார் கம்பெனிக்கு மின்சாரச் சாமான்கள் கொடுக்கவும் ஒப்பந்தம் ஏற்பட்டது. சைக்கிள் பழுதுபார்ப்பவராக வாழ்க்கையைத் தொடங்கிய வில்லியம் மாரிஸ்தான் அந்தக் கார் கம்பெனியின் முதலாளி. அவர் கம்பெனியின் வழியில் வந்ததே பின்னாளில் நம் அம்பாசிடருக்குத் தாயான மாரிஸ் ஆக்ஸ்போர்டு.

1926-ம் ஆண்டில் சி.ஏ.வி., ரோட்டாக்ஸ் என்ற இரு போட்டிக் கம்பெனிகளும் லூக்காஸ் வசமாயின. அதன்பிறகு இங்கிலாந்துக் கார் என்றால், அதன் டைனமோ, விளக்கு, ஹாரன், வைப்பர் பெரும்பாலும் லூக்காஸ் தயாரிப்புதான்.

புகழுக்குப் பின்னே கேலி

பெயர் பெரிதானால் பழியும் பெரிதாகும்.

மழை நாளில் கார் நின்றுவிட்டதா? லூக்காஸ்! நடுவழியில் விளக்கு அணைந்ததா? லூக்காஸ்! காரோட்டிகள் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டத் தொடங்கினார்கள். சாலையின் மன்னன் என்று விளக்குக்குப் பெயர் வைத்தவரை, இருட்டின் இளவரசன் என்று கேலி செய்தார்கள். இங்கிலாந்தில் மட்டும் அல்ல, இங்கிலாந்துக் கார் போன இடமெல்லாம் இந்தக் கேலியும் போயிற்று.

வீடு வீடாக வெளிச்சம் விற்றவருக்கு இப்படி ஒரு பட்டமா?

பழுது வந்தது உண்மை. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் முழு வண்டிக்கும் இரண்டே இரண்டு பியூஸ்தான் இருந்தன. இணைப்புகளில் ஈரம் ஏறினால் களிம்பு பிடிக்கும். ஆனால் விளக்கு எரியாதபோதெல்லாம் விளக்கே குற்றவாளி என்று சொல்ல முடியாது. பழைய கார்களில் பழுது பார்ப்பவர்கள் அனுபவத்தில் அறிந்த உண்மை இது: குற்றம் பெரும்பாலும் விளக்கில் இல்லை, விளக்குக்குப் போகும் வழியில் இருக்கிறது.

அறுந்த இழை எங்கே?

இதைக் காஞ்சிபுரத்து நெசவாளருக்கு விளக்க வேண்டியதில்லை. பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடுகின்றன. ஓர் இழை அறுந்தால் அவர் தறியைத் திட்டுவதில்லை. பட்டைக் குறை சொல்வதில்லை. அறுந்த முனையை விரலால் தேடிப் பிடித்து இணைக்கிறார். உடலும் கரையும் சேருகிற கோர்வை உறுதியாக இருந்தால்தான் சேலை உறுதி என்பது அவருக்குத் தெரியும்.

காரிலும் அப்படித்தான். மின்சாரம் பாட்டரியிலிருந்து கிளம்புகிறது. ஒயர் வழியாகச் சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து விளக்குக்குப் போய், அதை எரியவைக்கிறது. அதோடு அதன் பயணம் முடிவதில்லை. காரின் இரும்பு உடல் வழியாகப் பாட்டரிக்கே திரும்பி வர வேண்டும். இந்தத் திரும்பும் வழிக்குத்தான் எர்த் என்று பெயர். போகும் வழியோ, வரும் வழியோ எங்கே அறுந்தாலும் விளக்கு எரியாது.

ஆகவே பாட்டரியில் தொடங்க வேண்டும். முனைகளில் உப்புப் பூத்ததுபோல வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால், கழற்றிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். கழற்றும்போது எர்த் முனையை முதலில் கழற்றுவது நல்லது. பாட்டரி அருகே பீடி, தீக்குச்சி கூடாது. அதிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளும்.

முன்விளக்கைப் போட்டுவிட்டுச் செல்ப் மோட்டாரை இயக்கிப் பார்க்கலாம். விளக்கு கொஞ்சம் மங்கினால் குற்றம் இல்லை. அடியோடு அணைந்துவிட்டால் பாட்டரி வலுவிழந்திருக்கிறது. அல்லது அதன் முனை தளர்ந்திருக்கிறது.

இரண்டு விளக்குகளில் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மஞ்சளாகவும் எரிகிறதா? எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். மங்கிய விளக்கின் உலோகக் கூட்டிலிருந்து பாட்டரியின் எர்த் முனைக்குத் தனியாக ஓர் ஒயரைப் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். விளக்கு பிரகாசித்தால், புது பல்பு வாங்க வேண்டாம். திருகாணியைக் கழற்றித் துருவைச் சுரண்டினால் போதும்.

லூக்காஸ் கம்பெனி செய்த ஒரு பெரிய உபகாரம் ஒயர்களுக்கு நிறம் கொடுத்ததுதான். இங்கிலாந்துக் கார்களில் அந்த நிற ஒழுங்கே பொது வழக்கம் ஆயிற்று. பழுப்பு நிற ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். வெள்ளை ஒயரில் சாவியைத் திருப்பினால்தான் வரும். பச்சை, பியூஸ் வழியாக வருவது. பிரேக் விளக்கு, வைப்பர் போன்றவற்றுக்குப் போகும். சிவப்பு, பக்க விளக்குக்கும் பின் விளக்குக்கும். நீலம், முன்விளக்குக்கு. கறுப்பு, எர்த். எழுத்துத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்கலாம்!

இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. இரண்டு ஒயர் வைத்த ஒரு சிறு பல்பு போதும். அதுதான் டெஸ்ட் லைட். ஓர் ஒயரை எர்த்தில் வைத்து, மற்றொன்றால் பாட்டரியிலிருந்து ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். எந்த இடம் வரை பல்பு எரிகிறதோ அதுவரை வழி சரி. அடுத்த இணைப்பில் எரியவில்லை என்றால், பழுது அந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

டைனமோவுக்கு ஓர் அடையாளம் உண்டு. சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரியும். என்ஜின் வேகம் எடுத்ததும் அது அணைய வேண்டும். அணையவில்லை என்றால் டைனமோ பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டவில்லை. முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். பிறகு தேய்ந்த கார்பன் பிரஷ். அதன்பிறகே கட்-அவுட் பெட்டி.

மழையில் என்ஜின் நின்றால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைக்க வேண்டும். பல தடவை இந்தக் கந்தல் துணியே வண்டியை வீடு சேர்த்துவிடும்!

பழைய இங்கிலாந்துக் கார்களில் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. அவற்றில் பலவற்றுக்குப் பாட்டரியின் கூட்டல் முனைதான் எர்த். இப்போதைய கார்களில் கழித்தல் முனை எர்த். இதைப் பாராமல் புதுப் பாட்டரியை மாட்டினால் நல்ல வண்டியும் கெட்டுப்போகும்.

பியூஸ் போனால் சிலர் சிகரெட் பெட்டித் தகட்டைச் சுற்றி மாட்டுவார்கள். அப்போதைக்கு விளக்கு எரியும். ஆனால் பியூஸ் என்பது ஆபத்து வரும்போது தான் அறுந்து வண்டியைக் காப்பாற்றுவது. அதன் வாயை அடைத்துவிட்டால், அடுத்து எரிவது ஒயர். ஒயருக்குப் பிறகு கார். உள்ளே பெண்டு பிள்ளைகள் இருப்பார்கள்! பியூஸ் ஏன் போயிற்று என்று கண்டுபிடித்த பிறகே புதிது மாட்ட வேண்டும்.

பாடிக்கு வந்த பெயர்

மதுரையில் 1911-ம் ஆண்டில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். அவர் 1955-ம் ஆண்டில் காலமானார். பிறகு அவருடைய குடும்பத்து நிறுவனமும் இங்கிலாந்து லூக்காஸ் கம்பெனியும் கூட்டாகச் சேர்ந்து, 1961-ம் ஆண்டில் லூக்காஸ்-டி.வி.எஸ். என்ற கம்பெனியைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை பாடியில் எழுந்தது. டைனமோவும் செல்ப் மோட்டாரும் கப்பலில் வரக் காத்திருந்த காலம் போய், நம் ஊர்த் தொழிலாளர் கையால் அவை தயாராயின.

காலம் மாறியது. வண்டலூர் ஸ்டாண்டர்டு கார் 1980-களின் இறுதியில் நின்றுபோனது. அம்பாசிடர் 2014-ம் ஆண்டில் நின்றது. இங்கிலாந்து லூக்காஸ் கம்பெனி 1996-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு இணைந்தது. 1999-ல் மற்றொரு கம்பெனியின் கைக்குப் போயிற்று. பர்மிங்காமில் கிழவர் கட்டிய தொழில் தனித்து நிற்கவில்லை.

பாடியிலோ அவர் பெயர் நிற்கிறது. தொழிற்சாலை வாசலிலும் நிற்கிறது. பஸ்காரர் வாயிலும் நிற்கிறது.

வேலை இழந்தபோது ஜோசப் லூக்காஸ் காலத்தைப் பழிக்கவில்லை. எந்தத் தெருவில் இருட்டு இருக்கிறது என்று பார்த்து, அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் பெயர் பொறித்த காரில் விளக்கு அணைந்தால் செய்ய வேண்டியதும் அதுதான். திட்டிக்கொண்டு நிற்பதைவிட, கையில் ஒரு டெஸ்ட் லைட்டை எடுத்துக்கொண்டு பாட்டரியிலிருந்து தொடங்குவது நல்லது.